மில் மெயிலுக்குப் போன மாப்பிள்ளை ஜாதகம்

போன வருஷம் ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு பரபரத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை என் ஒரே மகளுக்குப் பூ வைக்க திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு, பால்கோவாவுக்குச் சொல்லியாச்சு. யாரைக் கூப்பிட்டோம், யாரை விட்டோம் என்று என் மனைவி போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

மகள் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் லேபில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பா, எல்லாந்தான் முடிவாயிருச்சே, அந்த மேட்ரிமோனி சைட்ல இருந்து என் போட்டோவ எடுத்துருங்க. இன்னமும் எவனெவனோ பாத்துட்டுக் கெடக்கான்."

நியாயமான பேச்சு. போனை எடுத்து உட்கார்ந்தேன். ப்ரொஃபைலை நீக்கு என்று அழுத்தினால், பதிவு செய்த மெயிலுக்குக் கோட் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மெயில் என்னுடையதே இல்லை, மில்லுடையது!

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டெஸ்பாட்ச் செக்ஷனைப் பார்த்துக்கொண்டவன் நான். எந்த லாரியில் எத்தனை மூட்டை ஏறுகிறது, எந்த ஊருக்குப் போகிறது, எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். செக்ஷனுக்கென்று ஒரு மெயில் உண்டு. அதில் என் பெயர்கூட இருக்காது, டெஸ்பாட்ச் என்றுதான் இருக்கும். ஆனால் அத்தனை வருஷமும் அதைத் திறந்ததும் மூடியதும் நான் ஒருத்தன்தான். அதனால் சொந்த வீட்டு விலாசம் மாதிரி நினைத்துவிட்டேன். கேஸ் புக்கிங், கரன்ட் பில், இன்ஷூரன்ஸ், கடைசியில் மகளுடைய கல்யாணம் வரைக்கும் அந்த மெயிலைத்தான் கொடுத்தேன். நான் மட்டுமில்லை, எங்கள் மில்லில் எல்லா செக்ஷன்காரனும் அப்படித்தான். சொந்தமாக ஒரு மெயில் வைத்துக்கொள்வது வேலையில்லாதவன் செய்கிற வேலை என்று எங்களுக்கு நினைப்பு.

ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். சாவி, சீல், கம்பெனி சிம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். மெயிலை ஒப்படைக்கிறோம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. சைட்டில் போன் நம்பரை மட்டும் என் புது நம்பருக்கு மாற்றினேன். ஆப் பாட்டுக்கு என் போனில் ஓடிக்கொண்டிருந்தது, வரன்களும் வந்துகொண்டிருந்தன. மெயில் என்று ஒன்று இருப்பதே மறந்துபோச்சு.

சரி, மெயிலை மாற்றிவிட்டுப் பிறகு ப்ரொஃபைலை நீக்கலாம் என்று பார்த்தால், அதற்கும் கோட் பழைய மெயிலுக்குத்தான் போகுமாம். சைட்காரர்களுடைய உதவி நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் ரொம்பப் பணிவாக, "உங்க பாதுகாப்புக்காகத்தான் சார்" என்றாள். என் மகள் போட்டோவை நான் எடுக்க முடியவில்லை, அதற்குப் பெயர் பாதுகாப்பு.

வேறு வழியில்லை, மில்லுக்குத்தான் கேட்கணும். அங்கே என் நாற்காலியில் இப்போது இருப்பது வன்னியம்பட்டிக்காரப் பெண். விவசாயக் குடும்பம். என்னிடம் கொஞ்ச காலம் அசிஸ்டன்டாக இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், சொன்னதைச் செய்வாள், சாப்பாட்டு நேரத்தில் காதில் வயரை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவளைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. மகளுக்குச் சம்பந்தம் பேசியிருப்பதை மில்லில் ஒருத்தருக்கும் நான் சொல்லவில்லை. பூ வைக்கிற வரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது என் மனைவியின் கட்டளை. அதனால் போன் பண்ணி, "ஒரு கோட் வந்திருக்கும்மா, ஏதோ பழைய அக்கவுண்டு, வாசிச்சுச் சொல்லு" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

  குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சார், நீங்க செத்த நேரம் நேர்ல வாரீகளா? போன்ல வேணாம்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஒரு கோட் நம்பர் சொல்வதற்கு நான் நேரில் போய் நிற்கணுமா? நாற்காலி வந்ததும் கொம்பு முளைத்துவிட்டது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

மில் கேட்டில் நிற்பவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். என்னைப் பார்த்தால் ஒரு சல்யூட் வைத்து ஏதாவது கிண்டல் பண்ணுவார். அன்றைக்குக் கிண்டல் இல்லை. பக்கத்தில் வந்து மெல்ல, "பாப்பா விசயமா வந்தீகளா சார்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பாப்பா, என்ன விஷயம்? அவருக்கு எப்படித் தெரியும்? பதில் சொல்லாமல் உள்ளே நடந்தேன். வழியில் கேன்டீன் அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டது. ஏதோ சாவு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது எனக்கு.

டெஸ்பாட்ச் ரூமில் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள். நூல் ஆர்டர், லாரி நம்பர், பில் என்று வரிசையாக இருக்கிற மெயில்களுக்கு நடுவில், பச்சைப் பட்டுப்புடவையில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இல்லை, கீழே போகப் போக அவள் வந்துகொண்டே இருந்தாள். இன்னார் உங்கள் மகளை விரும்புகிறார், இன்னார் ஜாதகம் கேட்கிறார் என்று அவ்வளவும் இங்கேதான் வந்திருக்கிறது. அந்த ரூமுக்கு டிரைவர் வருவான், லோடுமேன் வருவான், கேட் பாஸுக்கு வருகிறவன் எல்லாம் அந்த ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பான்.

என்ன பேசினேன் என்று எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. கத்தினேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தைப் படிக்க வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவள் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினதும், "திட்டுறத பொறவு திட்டுங்க சார். மொதல்ல ஒக்காருங்க, பாய் சொல்றதக் கேளுங்க" என்றாள்.

பாய் என்றது எங்கள் மில்லின் பழைய லாரி டிரைவரை. வாரம் தவறாமல் திருப்பூருக்கு நூல் கொண்டுபோகிறவர். அவரும் அங்கேதான் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தையும், வெள்ளிக்கிழமை எப்போது வருகிறோம் என்பதையும், எனக்குப் போனில் சொன்னதோடு, சைட்டில் நான் கொடுத்திருந்த அந்த மெயிலுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். திருப்பூர் என்று இருந்ததும், நூல் வாங்குகிற ஏதோ பார்ட்டியின் ஆர்டர் என்று நினைத்துத்தான் இவள் திறந்திருக்கிறாள். மாப்பிள்ளை மேனேஜராக இருக்கிற பனியன் கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருக்கிறாள். நம்முடைய நூல் போகிற கம்பெனிதான் அது! பாயிடம், "சார் மருமகனாம், எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வாங்க" என்று விளையாட்டாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பாய் சொன்னார். "லோடு எறக்குறப்ப அங்கன உள்ள பயலுககிட்ட கேட்டேன் சார். உங்க மேனேஜருக்குக் கல்யாணமாமேன்னு. அவனுக ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்துச் சிரிச்சானுக. எந்தக் கல்யாணம் பாய், மொதக் கல்யாணந்தான் கோர்ட்டுல கெடக்கேன்னானுக. நான் நம்பல சார். அப்புறம் இதக் காட்டுனானுக."

போனை நீட்டினார். முந்தின வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எடுத்த போட்டோ. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோரும் குடும்பத்தோடு நிற்கிறார்கள். நடுவில் அதே முகம், அதே கண்ணாடி. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "மாமா, எனக்கு எளிமையாப் பண்ணாப் போதும்" என்று சொன்ன அதே பையன். பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் தாலி. அவன் கையில் ஒரு கைக்குழந்தை.

  வன்னியம்பட்டிப் பெண் யாரையோ எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னது கேட்டது, யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. நானும் என் மச்சினனும் திருப்பூர் போய் விசாரித்துத்தான் வந்தோம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நல்ல குடும்பம் என்றார்கள். அந்த வீட்டுக்கு அவர்கள் புதுசாகக் குடிவந்தவர்கள் என்பதை நாங்கள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்து ஏமாந்திருக்கிறோம்.

"ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றேன்.

அவள் மேஜை டிராயரைத் திறந்து ஒரு போனை எடுத்து வைத்தாள். நான் ஒப்படைத்த சிம் அதில்தான் இருந்தது. "உங்க நம்பர்னு எங்க எல்லாருகிட்டயும் இருக்கது இதுதான் சார். புது நம்பர யாருக்குமே நீங்க தரல. பாய் நேத்துதான் வந்தாரு. இன்னைக்கு வேல முடிஞ்சதும் ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கு வரதா இருந்தோம். வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் தெரு தெரியும்னு அவரயும் கேட்டு வச்சோம்."

அங்கேயே உட்கார்ந்து மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் பையனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டேன்.  "அது முடிஞ்சு போன விஷயம் சம்பந்தி, நேர்ல பேசிக்கலாம்னு இருந்தோம்" என்றார். முடிந்தது கோர்ட்டிலா, உங்கள் வாயிலா என்றேன். லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் கோட் வாங்கினோம் என்றால் சிரிப்பீர்கள். வந்த வேலை அதுதானே! அவள் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் போட்டேன். எனக்கென்று ஒரு மெயிலை அவளே ஆரம்பித்துக் கொடுத்தாள். ப்ரொஃபைலை நீக்கினோம். பிறகு நான் கேட்காமலே, மில் மெயிலில் இருந்த மகளுடைய போட்டோ ஒவ்வொன்றையும் என் கண் முன்னால் அழித்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல், வாரேன்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொல்லாமல் வந்தது பஸ் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் நடந்ததை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. என் மனைவி, சொல்லி வைத்த பூக்காரிக்கு வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் மகள் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மில்லுல எம்புட்டுப் பேருப்பா என் போட்டோவப் பாத்தாக?" என்று கேட்டாள்.

 அன்றைக்கு வாங்கின அடிகளில் எனக்குப் பெரிய அடி அதுதான். பையன் ஏமாற்றினான் என்றால் அவனைத் திட்டலாம். மகளுடைய முகத்தை லாரி வந்து போகிற ரூமில் மாட்டி வைத்தது நான். அவள் பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் என்னிடம் அந்த வன்னியம்பட்டிப் பெண்ணின் நம்பரை வாங்கி, மாடியில் நின்று ரொம்ப நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்கி வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

இப்போது எதில் பதிவு செய்தாலும் மெயில் யாருடையது என்று பார்த்துத்தான் போடுகிறேன். அப்படிச் செய்வதுதான் சரி, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லவும் செய்கிறேன். ஆனால் தனியாக இருக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்வேன். ரிட்டயர் ஆன அன்றைக்கே நான் பொறுப்பாக அந்த மெயிலை மாற்றியிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை என் கையாலேயே அவனுக்குச் சந்தனம் கொடுத்து வரவேற்றிருப்பேன்.