கீரை சேர்க்காத நாட்கள்

கரு உருவாகியிருந்தது. ஆனால் கர்ப்பப்பைக்குள் இல்லை, இடது கருக்குழாயில் இருந்தது. அங்கே வளர்ந்தால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து என்றார் வேலூர் டாக்டர். ஊசி போட்டுக் கரைத்துப் பார்க்கலாம், ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் இறங்கினால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்.

பட்டுச் சேலைக்குக் கணினியில் டிசைன் போடுவது என் வேலை. எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனம் நிலைகொள்ளும். ஆரணிக்குத் திரும்பியதும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கனம் தூக்கக் கூடாது. வயிறு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே கிளம்ப வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கீரையும் கூடாது, மருந்தின் வேலையை அவை தடுக்கலாம்.

மாமியார் படித்துப் பார்த்தார்.

"கீரை ஆவாதா? இன்னா டாக்டரம்மா அது!"

சில நாளில் அவர் சுட்ட அடையில் ஒரு காம்பு என் பல்லில் சிக்கியது. முருங்கைக்கீரை. பச்சை தெரியாதபடி பருப்போடு அரைத்திருந்தார்.

"இது என்ன அத்தை?"

"ரெண்டு கொத்துதாம்மா. சுண்ணாம்பாட்டம் வெளுத்துகினு வர்றியே, ரத்தம் ஊறட்டும்னுதான்."

அடுத்த பரிசோதனையில் ஹார்மோன் இறங்கவில்லை. மாமியார் அன்று சாப்பிடவில்லை. என் போனை வாங்கி டாக்டரிடம் அவரே கேட்டார்.

"நான்தான் கெடுத்துட்டனாங்க?"

ஓர் அடையால் அப்படி ஆகாது, சிலருக்கு இரண்டாவது ஊசி தேவைப்படும் என்று டாக்டர் சொன்னார். மாமியார் நம்பினாரா தெரியாது. அதன் பிறகு வீட்டுக்குள் முருங்கைக்கீரை வரவில்லை.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு இறங்கியது. ஒவ்வொரு முறையும் கணவர் "எறங்கிடுச்சு" என்று நல்ல செய்தியாகச் சொன்னார். நல்ல செய்திதான். ஆனாலும் விளக்கேற்றிவிட்டு நின்றால் எதை வேண்டிக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெருவில், "தங்கலையாம்" என்று பேசிக்கொண்டார்கள். தங்கியது, தங்கிய இடம்தான் தப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதன் பின் கரு உருவாகவேயில்லை. இரண்டு குழாய்களும் அடைத்திருப்பது தெரிந்து, ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போனோம். முதல் முறை பலிக்கவில்லை. அடுத்த முறை அதே ரத்தப் பரிசோதனை, இப்போது ஏற வேண்டும். ஏறியது. ஆனால் கர்ப்பப்பைக்குள் வைத்த கருவும் சில சமயம் குழாய்க்கு நகர்ந்துவிடுமாம். ஸ்கேன் பார்க்கும் வரை யாரும் வாய் திறந்து மகிழவில்லை.

ஸ்கேன் அறையில் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "பையிலதான் இருக்கு. துடிப்பு தெரியுது பாருங்க."

நான் முதலில் இடத்தைத்தான் பார்த்தேன். துடிப்பு அப்புறம்தான் கண்ணில் பட்டது.

வெளியே மாமியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளதான் இருக்கு அத்தை."

அவர் என் கையைப் பிடித்தார். பிறகு மெதுவாக, "அப்போ, கீரை?" என்றார்.

"இப்போ சாப்பிடணுமாம்."

ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கீரைக்காரியிடம் முருங்கைக்கீரை ஒரு கட்டு எடுத்தார். பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்கும் ஜல்தியா போன் போட்டு இன்னொரு வாட்டி கேட்டுடும்மா."

டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனாலும் போன் போட்டேன்.