ஹாரனை அழுத்தியவன்

அந்தக் கார் ஹாரனை அழுத்தியது நான். ஆறு வயதுக் கயல்விழி அல்ல. அவளுடைய பெரியப்பாவாகிய நான்!

எட்டு ஆண்டுகளாக எங்கள் குடும்பம் முழுவதும் அது அந்தக் குழந்தையின் கை என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. அவளும் நம்புகிறாள். என் தம்பி குணசேகரன் இடது காலை இழுத்து இழுத்து நடந்து வரும்போதெல்லாம் அவள் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் காப்பி குடித்து முடிக்கிறேன்... இதைப் படிக்கும் நீங்கள் என்னை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் எனக்கு மறுப்பில்லை.

ஏன் செய்தேன்? பொறாமை. தமிழாசிரியனான எனக்கு அதற்கு இன்னும் நாலைந்து சொற்கள் தெரியும். அவற்றில் ஒன்றைப் போட்டால் சற்றுக் கௌரவமாக இருக்கும். வேண்டாம். பொறாமைதான்.

குணா எனக்கு ஆறு வயது இளையவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். என்னைத் தேக்காவுக்கு அருகில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். குணாவின் முறை வந்தபோது யாரோ சொன்னார்கள் என்று அவனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டார். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஆனேன். அவன் கப்பல் கம்பெனியில் அதிகாரி ஆனான். நான் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியறையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்க, அவன் குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீட்டுக்குப் போனான். பிறகு கார் வாங்கினான்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஆனால் காரை வாங்கிய அன்று அவன் நேரே எங்கள் சந்துக்குத்தான் ஓட்டி வந்தான். சாவியை என் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டான். மகள் பிறந்தபோது பெயர் வைக்கச் சொன்னதும் என்னைத்தான். கயல்விழி, நான் வைத்த பெயர். அவனுடைய மரியாதை ஒவ்வொன்றும் எனக்கு முள்ளாகக் குத்தியது. தன்னிடம் எல்லாம் இருப்பவனால்தான் இப்படிப் பணிய முடியும் என்று நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் மகன் எழிலன்தான்...

மேடை ஏறித் தமிழில் படியுங்கள் என்று முழங்கிய நான், என் ஒரே மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தேன். அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விளைவு என்ன? குணா வந்தால் அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். பேசிப் பேசிச் சிரிப்பார்கள். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் மகன் எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாமல் நானும் கொஞ்சம் சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்பின் கசப்பு உங்களுக்குத் தெரியுமா?

பள்ளி விடுமுறையில் ஒருநாள் குணா யானை பார்க்கப் போகலாம் என்றான். ஜொகூரில் கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவன் நண்பன் ஒருவன் கிராணியாக, கணக்கு எழுதும் குமாஸ்தாவாக வேலை பார்த்தான். தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டிலிருந்து சாயங்காலங்களில் யானைகள் இறங்குகின்றன என்று அவன் எழுதியிருந்தானாம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் முடிந்து, காட்டோரச் சாலைகளில் மக்கள் பயமின்றிப் போய்வரத் தொடங்கியிருந்த நேரம் அது. எழிலன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

குணா காரை ஓட்டினான். பக்கத்து இருக்கையில் நான், என் மடியில் கயல்விழி. பின்னால் என் மனைவி, குணாவின் மனைவி ராஜம், நடுவில் எழிலன். உட்லண்ட்ஸில் பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குள் நுழைந்ததும், யானையைப் பற்றி எழிலனுக்குச் சொல்லத் தொடங்கினேன். ஆண் யானைக்குக் களிறு என்று பெயர், பெண்ணுக்குப் பிடி என்று பெயர்... முந்தின நாளே மனத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். எழிலன் "ம்" என்றான். அடுத்த நொடியே முன்னால் குனிந்து சித்தப்பாவிடம் ஆங்கிலத்தில் எதையோ கேட்டான்.

"அப்பா சொல்லிக்கிட்டு இருக்காங்கள்ல, அதைக் கேளுடா" என்றான் குணா.

என் மகன் என் பேச்சைக் கேட்பதற்கு என் தம்பியின் சிபாரிசு!

அந்தக் கிராணி நண்பன் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினான். செம்மண் சாலையின் கோடியில் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும், யானைகள் வந்தால் வண்டியிலேயே இருக்க வேண்டும், சத்தம் மட்டும் கூடவே கூடாது. இடப்பக்கம் ரப்பர் மரங்கள். வலப்பக்கம் ஆழமான வடிகால், அதற்கப்பால் காடு. அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் உள்ளம் மெல்லக் குளிர்ந்தது. யானை வராவிட்டால் எழிலன் ஏமாந்துபோவான், சித்தப்பாவின் பெருமை சற்றே குறையும்...

அப்போது வந்துவிட்டன.

முதலில் மூங்கில் முறியும் சத்தம். பிறகு இரண்டு வகுப்பறை நீளம்கூட இல்லாத தூரத்தில், சாலைக்குக் குறுக்கே, ஒரு பெரிய பிடி. உடம்பெல்லாம் காய்ந்த சிவப்புச் சேறு. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. பின்னால் இன்னும் மூன்று. அவை எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. புல்லைப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்து, நிதானமாக வாயில் வைத்துக்கொண்டன. அவற்றின் வயிற்றிலிருந்து எழுந்த ஓர் உறுமலை நான் காதால் கேட்டதைவிட நெஞ்சில் உணர்ந்தேன். யானையைக் குறிக்கும் சொற்களைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! ஒரு சொல்கூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

குணா மெல்லக் கதவைத் திறந்தான்.

"அண்ணே, நீங்க இருங்க. நான் ஒரே ஒரு படம் புடிச்சிட்டு வந்துடுறேன். அது பாட்டுக்கு மேயுது, ஒண்ணும் செய்யாது லா."

ராஜம் வேண்டாம் என்று கெஞ்சினாள். அவன் கேமராவோடு இறங்கிவிட்டான். எழிலனும் அம்மாவைத் தாண்டி எட்டிக் கதவில் கை வைத்தான். நான் பின்னால் திரும்பி அவன் கையைப் பிடித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஏம்ப்பா பயப்படுறீங்க? சித்தப்பா பயப்படவே இல்லையே."

பத்து வயதுப் பையன். குத்திக்காட்டவில்லை, உள்ளபடி கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

குணா அடிமேல் அடி வைத்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, அகன்ற தோள்கள். பின் இருக்கையில் மூன்று பேரும் மூச்சை அடக்கி அவனையே பார்த்தார்கள். கயல்விழி என் மடியிலிருந்து நழுவி அப்பாவின் இருக்கைக்குப் போய், ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அவனைத்தான் பார்த்தாள். அந்தக் காரில் என்னைப் பார்க்க ஓர் உயிர்கூட இல்லை.

அவன் பயந்து ஓடிவர வேண்டும்... ஒருமுறை, ஒரே ஒருமுறை, இவர்கள் எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும்!

இவ்வளவுதான் நான் நினைத்தது. அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. நானே சில நாட்கள் நம்புவதில்லை.

குழந்தையின் கையை விலக்குபவன்போல் என் கையை நீட்டினேன். ஸ்டியரிங்கின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

அந்தச் சத்தம் காட்டையே கிழித்தது. குட்டி அலறியது. தாய் யானை காதுகளை விரித்துக்கொண்டு திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு விரைவாக வரும் என்று நான் எண்ணியதே இல்லை. குணா ஓடினான். ஆம், நான் விரும்பியபடியே ஓடினான்... வண்டியை எட்ட முடியாது என்று தெரிந்ததும் பக்கவாட்டில் பாய்ந்தான். வடிகாலுக்குள் விழுந்தான். யானை விளிம்புவரை வந்து நின்றது. தும்பிக்கையை உள்ளே நீட்டித் துழாவியது. நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அதன் இமை மயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, அது திரும்பித் தன் குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

வடிகாலிலிருந்து குணாவின் முனகல் கேட்டது. காருக்குள் ராஜம் கயல்விழியின் முதுகில் அறைந்தாள்.

"தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? அப்பாவைக் கொல்லப் பாத்தியேடி."

"நான் இல்லம்மா" என்றாள் குழந்தை. ஒரே ஒருமுறைதான் சொன்னாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அவை இன்னும் ஸ்டியரிங்கின் மேல்தான் இருந்தன. அதன்பின் அழுகை மட்டும்தான்.

நான் கதவைத் திறந்துகொண்டு தம்பியைத் தூக்க ஓடினேன். என்ன நல்ல அண்ணன்!

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஜொகூர் ஆஸ்பத்திரியில் அவன் பல வாரங்கள் கிடந்தான். கட்டுப் பிரித்தபோது இடது கால் குட்டையாகியிருந்தது. கப்பல்களில் ஏறி இறங்கும் வேலை போய், மூலையில் ஒரு மேசை கிடைத்தது. காரை விற்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துச் சொன்னது இது:

"அண்ணே, பாப்பா சாப்பிட மாட்டேங்குதாம். நீங்க வாத்தியாரு, நீங்க எடுத்துச் சொன்னா கேக்கும். அது மேல எனக்குக் கோபமே இல்லைன்னு சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். குழந்தையை மடியில் உட்காரவைத்து, தெரியாமல் செய்த தப்பைச் சாமி மன்னித்துவிடும் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதுவரை அவள் மனத்தின் ஓரத்தில் "நான் இல்லையே" என்ற எண்ணம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். அதையும் நான் அன்றைக்கு அழித்தேன்.

இதோடு என் பொறாமையாவது தீர்ந்ததா? கேளுங்கள்... இல்லை! எழிலன் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிக் குவீன்ஸ்டவுனுக்குப் போனான். சித்தப்பாவைத் தோளில் தாங்கி மாடிப்படி ஏற்றினான். அந்த நொண்டிக் காலைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டேன். எனக்குக் கால் ஒடிந்திருந்தால் அவன் என்னை அப்படித் தாங்கியிருப்பானா என்று எண்ணி எண்ணிப் புழுங்கினேன்.

கயல்விழிக்கு இப்போது பதினான்கு வயது. சனிக்கிழமைகளில் என்னிடம் தமிழ் படிக்க வருகிறாள். இதுவும் குணாவின் ஏற்பாடுதான். போன சனிக்கிழமை பாடத்தின் நடுவில் அவள் புத்தகத்தை மூடினாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? நான்தான் அழுத்தினேனா? எனக்கு யானை ஞாபகம் இருக்கு, சத்தம் ஞாபகம் இருக்கு. அழுத்தினது மட்டும் ஞாபகமே வரலை."

அவளே தொடர்ந்தாள்.

"அப்பா என்னை ஒரு தடவைகூடத் திட்டினதில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு."

எட்டு ஆண்டுகளாக நான் சொல்ல வழி தெரியாமல் தவித்ததாக நடித்த உண்மையை, அவள் தானே வந்து கேட்டாள். ஒரு சொல் போதும். பின்கட்டில் என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எழிலன் எந்த நேரமும் வந்துவிடுவான். அவன் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தேன்...

"நீ சின்னப் பிள்ளைம்மா, தெரியாம அழுத்திட்டே. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்றேன்.

அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "சரி பெரியப்பா" என்றாள். புத்தகத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அவளுக்கு ழகரம் சரியாக வரவில்லை. நான் நிறுத்தி, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.