படத்தில் இல்லாத கைக்குட்டை

நான் விலங்கியல் ஆசிரியன், பறவைப் பித்தன். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரட்டில் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடி மூன்று நாள் வெயிலில் அலைந்தேன். மூன்றாம் நாள் காலை, திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது பாறையிடுக்குப் புதரில் கூடு தெரிந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள்.

ஒரு கிளை கூட்டை மறைத்தது. அதை வளைத்து, என் கைக்குட்டையால் பின்னால் கட்டினேன். கூட்டுக்கு நிழலே அந்தக் கிளைதான் என்று எனக்கா தெரியாது? படமெடுத்ததும் அவிழ்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தாய்ப்பறவை இரையோடு வந்து அமர்ந்த படம் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. அப்படியே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் நினைவு வந்து ஓடினேன். ஆடு மேய்ப்பவர் ஒருவர் புதரருகே நின்றிருந்தார்.

"இந்தத் துணி உங்களுதாண்ணே? நேத்து அடிச்ச வெயில்ல குஞ்சு ரெண்டும் செத்துக் கெடக்கு. தாய் இப்பவும் இரையத் தூக்கிட்டு வந்து வந்து பாக்குது."

"என்னுது இல்லண்ணே" என்றேன்.

அந்தப் படம் இப்போது எங்கள் பள்ளி வராந்தாவில் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பறவைகள் மேல் பாசம் வருகிறதாம். படத்தின் ஓரத்தில் கைக்குட்டை தெரிந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.