பாரத்தோடு வந்த வள்ளம்

எஞ்சினை அமர்த்திய பிறகு வள்ளத்தின் அடியில் தண்ணீர் சலசலக்கும் ஓசை திரேஸ்புரத்தில் பிறந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கரை நெருங்குமுன்பே எஞ்சினை அமர்த்திவிட, வள்ளம் பழைய ஓட்டத்திலேயே மெல்ல வரும். முனையில் நிற்பவர் துறைச் சுவரில் காலை ஊன்றி, மோதாமல் நிறுத்துவார். இதைக் "கால் கொடுக்கிறது" என்போம். எங்கள் வள்ளத்தில் கால் கொடுப்பவர் அப்பா, எஞ்சின் பார்ப்பவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா.

அந்த வருடம் கடல் எங்களைப் பட்டினி போட்டது. வெறும் வள்ளத்துக்கே கால் கொடுத்துப் பழகிய அப்பா, விளிம்புவரை சாளை மீனோடு வந்த ஒரு காலையிலும் அதே தைரியத்தில் காலை நீட்டினார். வள்ளம் வழக்கம்போல் ஆடி அசைந்துதான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. எலும்பு நொறுங்கியது கரையில் நின்ற எனக்கே கேட்டது.

"ஏலே, எஞ்சின அமத்தாம விட்டுட்டியேலே!" என்று அப்பா அலறினார்.

"அமத்திட்டேண்ணே, மாதா மேல சத்தியமா அமத்திட்டேன்!"

ஆஸ்பத்திரியில் அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெல்ல வந்த வள்ளம் எஞ்சின் ஓடாமல் காலை எப்படி நொறுக்கும் என்று அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டார். ஊர்ப்பேச்சு தாங்காமல் சித்தப்பா வேம்பாருக்குக் குடிபோனார்.

ஒன்பதாம் வகுப்பில்தான் நிலைமமும் உந்தமும் படித்தேன். ஓடுகிற பொருள் தானாக நிற்காது. வேகம் அதேதான் என்றாலும், பாரம் கூடினால் உந்தமும் கூடும். வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அவன் அமத்தத்தான் செஞ்சிருக்கானா மவளே?"

"ஆமாப்பா."

மறுநாளே ஊன்றுகோலோடு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சித்தப்பா வாசலை மறித்து நின்று முழுவதையும் கேட்டார்.

"நான் சத்தியம் பண்ணுனேன், நம்பல. இப்ப புஸ்தகம் சொன்னா நம்புதியோ?"

கதவு சாத்திக்கொண்டது. எனக்கு இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது. நிலைமத்துக்குப் பாடத்தில் பஸ்ஸையும் நாணயத்தையும் எடுத்துக்காட்டாகச் சொன்னவர்கள், மனிதர்களின் கோபத்தை விட்டுவிட்டார்கள்.

இப்போது துறைச் சுவர் நெடுகப் பழைய டயர்கள் தொங்குகின்றன. கால் கொடுக்கிற வழக்கமே போய்விட்டது. நல்லதுதான், ஆனாலும் அங்கே நிற்க எனக்கு மனம் வருவதில்லை. போன வருடம் அப்பாவை அடக்கம் செய்த அன்று சித்தப்பா வந்தார். பெட்டிக்குள், வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "உள்ள வாண்ணே, வீட்டுக்குள்ள வாண்ணே" என்று அழைத்துக்கொண்டே இருந்தார்.