அடையாறு தாண்டினால் லீன்

மந்தைவெளியில் நாகராஜுக்குக் கடை இருக்கிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். ஒரு தூங்குமூஞ்சி மரம், ஒரு காம்பவுண்டுச் சுவர், சுவரில் அடித்த ஆணிகளில் தொங்கும் ஸ்பானர்கள், அவ்வளவே. போர்டு கிடையாது. சுவரில் நீலப் பெயிண்டில் அவரே எழுதி வைத்திருக்கிறார்: ‘இங்கு கார்புரேட்டர் ஒரே தடவை பார்க்கப்படும்.’ இரண்டாம் தடவைக்கு அவசியம் வராது என்பது அவர் சொல்ல வந்தது. வேறு மாதிரி புரிந்துகொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டு.

வயது நாற்பத்தொன்பது. மற்ற மெக்கானிக்குகள் வண்டியைப் பார்ப்பார்கள்; நாகராஜ் ஸ்பார்க் பிளக்கைப் பார்ப்பார். கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மயிலாப்பூருக்குப் புரிகிற பாஷையில் தீர்ப்பு சொல்வார். பிளக் டிகாஷன் நிறத்தில் இருந்தால் வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது. காபி நிறத்தில் இருந்தால் சௌக்கியம். பால் மாதிரி வெளுத்திருந்தால் லீன். அதாவது காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி, இன்ஜின் பட்டினியில் கொதிக்கிறது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வேலை முடிந்த வண்டியைச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் வெளியே விட மாட்டார். எல்லா வண்டிக்கும் ஹெட்லைட் மேல் ஒரு பொட்டு. கல்யாணராம சாஸ்திரிகளின் வண்டிக்கு மட்டும் பெட்ரோல் டாங்க் மூடியின் மேல். “ஹெட்லைட்ல வெச்சா லஸ் கார்னர் போறதுக்குள்ள உதுந்துடறதுப்பா” என்று சாஸ்திரிகள் போன தை மாதம் குறைப்பட்டுக்கொண்டதிலிருந்து இந்த ஏற்பாடு. வேதம் படித்தவருக்கு வைப்பது என்பதால் நாகராஜ் தாராளமாகவே வைப்பார்.

சாஸ்திரிகள் பஞ்சகச்சமும் ஹெல்மெட்டுமாகப் பத்து வருஷப் பழைய மோட்டார் சைக்கிளில் கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்தபூர்த்தி என்று சென்னையைச் சுற்றி வருகிறவர். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் பதின்மூன்று புரோகித வாத்தியார்கள் நாகராஜிடம் வண்டி விடுகிறார்கள். எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப். அந்தப் பதினான்கு வண்டிகள்தாம் நாகராஜின் தொழில், மற்றதெல்லாம் பஞ்சர்.

அந்த சாஸ்திரிகள் வண்டிக்குத்தான் மாசியிலிருந்து வியாதி. மயிலாப்பூருக்குள் ராஜா மாதிரி ஓடும். அடையாறு பாலம் தாண்டியதும் இழுக்காது. சைலன்சரில் டுப் டுப்பென்று வெடிக்கும். பிறகு நின்றுவிடும். பிளக்கைக் கழற்றினால் ஆவின் பால்.

முதல் தடவை நாகராஜ் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டினார். இரண்டாம் தடவை உள்ளே இருக்கும் ஊசியை ஒரு படி உயர்த்தினார். மூன்றாம் தடவை, பெட்ரோல் பாயும் துவாரமான ஜெட்டைப் பெரியதாகப் போட்டார். நான்காம் தடவை, கார்புரேட்டர் இன்ஜினோடு சேருமிடத்து ரப்பரில் எங்கேயாவது காற்று நுழைகிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. இருந்தாலும் ரப்பரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார், மூடுவார், டியூன் செய்வார், பக்கத்து லஸ் வரை ஓட்டிப் பார்ப்பார். ஒரு குறையும் இருக்காது. மனம் குளிர்ந்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டை அப்பி அனுப்பி வைப்பார். கடைசியில் வண்டி மயிலாப்பூரில் கறுப்புப் புகையும் அடையாறில் பட்டினியுமாக இரட்டை வாழ்க்கை வாழத் தொடங்கியது.

பக்கத்தில் சீட் கவர் தைக்கும் அமீனா பீ தையல் மிஷினை நிறுத்திவிட்டு விசாரித்தார். “இன்னா நைனா, ஐயர் வண்டி இங்கியே வூடு எட்த்து தங்கிக்கினு கீதா?”

“அடையாறு காத்து வேற, பீ. மரம் ஜாஸ்தி. ஆக்சிஜன் ஓவரா கீது. அதான் லீன் ஆயிடுது.”

“அப்போ அடையாறுல கீற வண்டில்லாம் இன்னா பண்ணுது? மூச்ச புட்ச்சிக்கினு ஓடுதா?”

நாகராஜ் ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கினார். விஞ்ஞானத்தைக் கிண்டல் செய்பவர்களோடு அவர் பேசுவதில்லை.

ஐந்தாவது தடவை வண்டி பெசன்ட் நகர் போகும் வழியில் நின்றது. சாஸ்திரிகள் ஆட்டோ பிடித்துப் பெயர் சூட்டு விழாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரில் இன்ஸ்டாகிராம் கணக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். மறுநாள் கடைக்கு வந்தவர் குரலை உயர்த்தாமல் பேசினார்.

“நாகராஜ், எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லே. வெள்ளிக்கிழமை பாலவாக்கத்துல கிரகப்பிரவேசம். எட்டு மணிக்குள்ள ஆத்துக்குள்ள நுழைஞ்சாகணும். இந்தத் தடவையும் நின்னுதுன்னா குரூப்ல ஒரு வார்த்தை போட்டுடுவேன். எனக்கும் வேற வழி தெரியலே.”

குரூப் என்ற சொல்லைக் கேட்டதும் நாகராஜின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழவில்லை. அவரே அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நானே பின்னாடி குந்திக்கினு வர்றேன், சாமி. இன்னாதான் ஆவுதுன்னு நேர்ல பாத்துடறேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, புதுப் பொட்டு வைத்த வண்டியில் இருவரும் புறப்பட்டார்கள். நாகராஜின் மடியில் டூல்ஸ் பை, அதன்மேல் ஹோமத்துக்கான சமித்துக் கட்டு, அதன்மேல் மாவிலைக் கொத்து. அடையாறு பாலத்தில் ஏறும்போது அவர் சாமி கும்பிடலாம் என்று நினைத்தார். கை காலியாக இல்லை. பாலம் தாண்டியது. பஸ் டெப்போ தாண்டியது. திருவான்மியூர் சிக்னலை நெருங்கும்போது வண்டி டுப் என்றது. இன்னொரு டுப். பிறகு ஒரு ஜூஸ் கடை வாசலில், கடைக்கே வந்தது போல, நின்றது.

மணி ஏழு இருபத்தைந்து. சாஸ்திரிகளின் போன் அடித்தது. புது வீட்டுக்காரி மாளவிகா.

“மாமா, மாடு வந்துடுத்து. நீங்க எங்க இருக்கேள்?”

“இதோ வந்துண்டே இருக்கேன்மா” என்றார் சாஸ்திரிகள், நின்றுகொண்டு.

நாகராஜ் சுடச்சுட பிளக்கைக் கழற்றினார். பால். ஸ்க்ரூவைத் தொட்டார், இனித் திருக இடமில்லை. பெரிய ஜெட்டுக்கு மேல் பெரிய ஜெட் உலகத்தில் இல்லை. பிளக்கைத் திரும்ப மாட்டினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கை மட்டும் பழக்க தோஷத்தில் போய் டாங்க் மூடியைத் திறந்தது.

டாங்க் ‘உஸ்ஸ்’ என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. தண்ணீருக்குள் ரொம்ப நேரம் அமுக்கி வைத்திருந்த ஆள் தலையைத் தூக்கி மூச்சை இழுக்கிற மாதிரி. மந்தைவெளியில், அமீனா பீயின் மிஷினுக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவில், இந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததே இல்லை.

நாகராஜ் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும்; வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. அதற்காக மூடியில் குண்டூசித் தலை அளவில் ஓர் ஓட்டை உண்டு. இதை அவர் பதினாறு வயதிலிருந்து அறிவார். ஓட்டையின் மேல் சந்தனம் இருந்தது. தையில் வைத்தது, மாசியில் வைத்தது, பங்குனியில் வைத்தது, இன்று காலை வைத்தது, எல்லாம் அடுக்கடுக்காக, சிமெண்ட் மாதிரி.

“என்ன ஆச்சு?” என்றார் சாஸ்திரிகள்.

நாகராஜ் திரும்பி நின்று கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். “சரியாயிடுச்சு சாமி. ஏறுங்க.”

ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஏழு ஐம்பதுக்குப் பாலவாக்கம் போய்விட்டார்கள். பின்னால் வந்த கறுப்புப் புகையை சாஸ்திரிகள் திரும்பிப் பார்க்கவில்லை.

சடங்கு நடந்த இரண்டு மணி நேரமும் நாகராஜ் கீழே, மாட்டுக்குப் பக்கத்தில், வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். யாரோ பேப்பர் கப்பில் காபி கொடுத்தார்கள். சரியான நிறத்தில் இருந்தது. சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். வண்டி ஓடுகிறது. வாத்தியார் நேரத்துக்கு வந்துவிட்டார். நாளைக்கு ஜெட்டை மாற்றிப் பழையபடி டியூன் செய்துவிட்டால் விஷயம் முடிந்தது. மாடு அவரைப் பார்த்தது. அவர் மாட்டைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு சாஸ்திரிகள் படியிறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கையில் வெள்ளிக் கிண்ணம், இன்னொரு கையின் மோதிர விரல் நுனியில் ஈரச் சந்தனம்.

“காலம்பற நீ வெச்ச பொட்டு உதுந்துடுத்து, பாத்தியோ? அதான் ஹோமச் சந்தனமாவே கொண்டுவந்தேன்” என்று நேராக டாங்க் மூடிக்குக் கையை நீட்டினார்.

அவர் வைத்த பிறகு சுரண்டிவிடலாம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை? பின் சீட்டிலேயே ஆயுளுக்கும் குந்திக்கினு போக முடியுமா?

“சாமி, அங்க வெக்காதீங்க.”

“ஏன்?”

“அங்க ஒரு ஓட்டை கீது. அதுலதான் டாங்க் மூச்சு உடுது. நாலு மாசமா நான்தான் சந்தனத்த வெச்சி அட்ச்சிட்டேன். மூடிய தொறந்தா மூச்சு வந்துடும், மறுபடி அடையாறு தாண்டினா நின்னுடும். கார்புரேட்டர் மேல தப்பே இல்ல.”

சாஸ்திரிகள் சந்தன விரலை நீட்டியபடியே நின்றார். மூடியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மாட்டைக் கூட ஒரு தடவை பார்த்தார்.

“ஹெட்லைட்ல உதுந்துடறதுன்னு சொன்னது நான்தானே?”

“ஆமா சாமி.”

பிறகு சாஸ்திரிகள், “குரூப்ல கேப்பாளே. என்னன்னு போடறது?” என்றார்.

“லீனா இருந்திச்சு, சரி பண்ட்டான்னு போடுங்க.”

“அது பொய்யோன்னோ?”

“பொய்யில்ல சாமி. லீனாத்தான் இருந்திச்சு. அத மொத நாள்லேருந்து கரீட்டாதான் சொல்லிக்கினு கீறேன்.”

சாஸ்திரிகள் இதைக் கொஞ்ச நேரம் சீர்தூக்கிப் பார்த்தார். குற்றம் காண முடியவில்லை. விரலில் சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. ஹோமச் சந்தனம், வீணாக்கக் கூடாது. வண்டியில் வைக்க இனி அவருக்குத் தைரியம் இல்லை. கையை அப்படியே திருப்பி நாகராஜின் நெற்றிக்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்தினார்.

“இங்க ஓட்டை ஒண்ணும் இல்லியே?”

“இல்ல சாமி” என்றார் நாகராஜ், எதற்கும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு.