பால்மரம் தேடி ஒரு நாள்: ஈப்போவும் ரப்பர் எலும்பும் ஒரு வரிச் சலுகையும்

தேசிய தின விடுமுறைக்கு நான் ஈப்போ போனது சாப்பிடத்தான். முளைப்பயறோடு வரும் தவ்கே கோழி, வெள்ளைக் காப்பி, தம்பூன் பம்பளிமாஸ் மூன்றையும் ஒரு கை பார்த்துவிட்டு ஞாயிறு மாலை கிள்ளானுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். என் வலைப்பதிவைப் படிப்பவர்களுக்குத் தெரியும், என் பயணத் திட்டங்களில் வயிறுதான் வழிகாட்டி. இந்த முறை வழியை மாற்றியவர் என் அத்தை மகன் குணா மச்சான்.

அவர் ஈப்போவை ஒட்டியுள்ள ஜெலாப்பாங்கில் சின்னதாக ஒரு ரப்பர் தொழிற்சாலை நடத்துகிறார். நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் இருக்கிறேன். எந்தப் பொருள் எந்த நாட்டுக்குப் போனால் எவ்வளவு வரி என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வியாழக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"மாலா, ஐரோப்பாவிலேர்ந்து என்கிட்ட சரக்கு வாங்குற பையர் வாராங்க. நீ பக்கத்துல இருந்து வரி பத்திப் பேசு. சோறு நான் வாங்கித் தாரேன் லா."

சோறு என்று சொன்ன பிறகு நான் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை காலை கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினேன். டிக்கெட் நாற்பது ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல், பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஒரு தூக்கம் போடலாம். காம்பார் வரும்போது எழுந்துவிடுங்கள், வலது பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் ஆரம்பித்துவிடும். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே வலது பக்க இருக்கையாகப் பாருங்கள். ஈப்போ நிலையத்திலிருந்து ஜெலாப்பாங்குக்கு, செயலியில் கூப்பிட்ட கிராப் கார் பதினைந்து ரிங்கிட் கேட்டது.

குணா மச்சானின் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாய் கடித்து விளையாடும் ரப்பர் எலும்பு! சிவப்பு நிறத்தில், முழுக்க இயற்கை ரப்பரில் செய்தது. அதில் முக்கால்வாசி ஐரோப்பாவுக்குப் போகிறது. அச்சு இயந்திரத்தில் வேலை செய்யும் பரமேஸ் அக்கா ஒன்றை எடுத்து என் கையில் வைத்து அழுத்திக் காட்டினார்.

"நல்லா கடிச்சுப் பாருங்க, ஒண்ணும் ஆவாது. அந்த ஊரு நாய்ங்க குடுத்து வச்சதுங்க!"

இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள், இரண்டு ஷிப்ட். அன்னா என்ற அந்த ஐரோப்பியப் பெண்ணின் ஆர்டர் போய்விட்டால் இரண்டாவது ஷிப்டை மூட வேண்டியதுதான். ஒன்பது பேருக்கு வேலை போகும். பரமேஸ் அக்கா அந்த ஷிப்டில்தான் இருக்கிறார்.

ஆர்டர் ஏன் போக வேண்டும்? இங்கே என் தொழிலைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வளரும் நாடுகளிலிருந்து வரும் பொருள்களுக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி வரியைக் குறைப்பதுண்டு, சில நாடுகளுக்கு அடியோடு விட்டுவிடுவதும் உண்டு. ஏழை நாட்டில் தொழில் வளரட்டும் என்ற எண்ணம். மலேசியாவுக்கும் ஐரோப்பாவில் அந்தச் சலுகை ஒரு காலத்தில் இருந்தது. பிறகு, நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், இனி வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். இன்று அதே எலும்பு இங்கிருந்து போனால் அன்னா வரி கட்ட வேண்டும். சலுகை உள்ள நாட்டிலிருந்து வந்தால் கட்ட வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு நாட்டில் செய்த சாம்பிள் எலும்பு ஒன்று ஏற்கெனவே அன்னாவின் பையில் இருந்தது.

"நாடு பெரிய ஆளாயிருச்சுன்னு சலுகைய எடுத்துட்டாங்களாம்," என்றார் பரமேஸ் அக்கா. "என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே. நான் இன்னும் அதே பழைய மோட்டார்சைக்கிள்லதான் வாரேன்!"

குணா மச்சானுக்கு வேறு வருத்தம். "சலுகை இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு? வரிதான் இல்லையே, விலையக் கொறன்னு அப்ப இருந்த பையர் அமுக்கிட்டான். பாதி லாபம் அவன் பக்கம் போயிருச்சு." இதை நான் துறைமுகத்தில் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாதியை வைத்துத்தான் இந்தக் கொட்டகையும் முதல் இரண்டு இயந்திரங்களும் வந்தன என்பதை அவரே ஒத்துக்கொண்டார்.

அன்னா ஒரு விருப்பம் சொல்லி அனுப்பியிருந்தார். தன் கடைக்காகப் படம் எடுக்க, இந்த ஊர் ரப்பர் மரத்தைப் பார்க்க வேண்டுமாம். குணா மச்சான் உடனே சரி என்று சொல்லிவிட்டார். பேராக்கில் ரப்பர் மரத்துக்கா பஞ்சம்? நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்ததே அந்த மரத்துக்காகத்தானே!

"மச்சான், நீங்க ரப்பர் வாங்குறது தாய்லாந்துலேர்ந்துதானே?" என்று கேட்டேன்.

"அவங்க கேட்டாத்தானே லா? கேட்டா இங்க உள்ளதுதான்னு சொல்லிக்குவோம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பரமேஸ் அக்காதான் பேச்சை மாற்றினார்.

"ஆர்டர் கெடைக்கணும்னு முனியாண்டிக்கு என்ன வேண்டிக்கிட்டீங்க போஸ்?" முதலாளியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"சேவலும் சுருட்டும்."

"நம்ம எலும்பையும் ஒண்ணு வைங்க. சாமி காலடியிலதான் நாய் இருக்கே!"

முனியாண்டி, குணா மச்சானின் குடும்பம் இருந்த பழைய தோட்டத்துக் காவல் தெய்வம். தோட்டத்தை விட்டு எல்லாரும் ஈப்போவுக்கு வந்தாயிற்று, சாமி மட்டும் அங்கேயே இருக்கிறது. வருடம் தவறாமல் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, லிட்டில் இந்தியாவில் தோசையும் 'தே தாரிக்' தேநீரும் முடித்துக்கொண்டு மச்சான், அன்னா, நான் மூவரும் கிளம்பினோம். அன்னாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், வெயிலுக்குத் தொப்பி, எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அவர் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் கோப்பெங் பக்கம், தெற்கே இருபது கிலோமீட்டர். குணா மச்சான் பள்ளியில் படித்த காலத்தில் அங்கே ஒரு பெரிய தோட்டம் இருந்ததாம். தோட்டம் இருந்தது. எல்லாம் எண்ணெய்க்காக நட்ட செம்பனை! வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பழக்குலை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் குணா மச்சான் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"அண்ணே, இங்க பால்மரம் எங்க இருக்கு?"

தோட்டத்து ஆட்களுக்கு ரப்பர் மரம் பால்மரம்தான். லாரிக்காரர் எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார், அன்னாவின் தொப்பியை இரண்டு முறை பார்த்தார்.

"பால்மரமா? நீங்க ரொம்ப லேட்டு லா அண்ணே. எல்லாம் வெட்டி எங்க அப்பா காலத்துலயே செம்பனை போட்டாச்சு."

அடுத்து பத்து காஜா. குணா மச்சான் நினைவு வைத்திருந்த தோட்டம் இப்போது மாடி வீடுகள். நடுவில் ஒரு அழகு நிலையமும் சலவைக் கடையும் இருந்தன. அன்னா அதையும் படம் எடுத்தார். குணா மச்சானின் நெற்றி வியர்க்க ஆரம்பித்தது. நான் பின்சீட்டில் உட்கார்ந்து பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்கக் கூடாது என்று வாயை நிரப்பிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

ஊரெங்கும் சின்னத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று ஏக்கர் பால்மரம் வைத்திருக்கிறார்கள், விசாரித்திருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் குணா மச்சான் விசாரிப்பாரா? தான் பிறந்த மாநிலத்தில் ரப்பர் மரத்துக்கு வழி கேட்பது அவருக்கு மானப் பிரச்சினை. வழி கேட்பது லாரிக்காரரோடு முடிந்துபோயிற்று.

நான்தான் கோலகங்சார் போகலாம் என்றேன். ஈப்போவிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர். இந்த நாட்டில் முதன்முதலாக நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே சாலையோரம் வேலிக்குள் நிற்கிறது. அவசியம் பார்க்க வேண்டிய இடம், கட்டணம் இல்லை, ஐந்து நிமிடம் போதும். அன்னா மரியாதையாகப் பார்த்தார், ஒரு படம் எடுத்தார்.

"அழகான மரம். ஆனால் இது அருங்காட்சியகம். எனக்கு மனிதர்கள் புழங்கும் இடம் வேண்டும்," என்றார்.

நெடுஞ்சாலையை விட்டு சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையில் திரும்பினோம். மூன்று மணி வெயில். குணா மச்சானின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. ஒரு செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் சட்டென்று காரைத் திருப்பினார்.

"மாலா, ஒரே நிமிஷம். முனியாண்டிய கும்பிட்டுட்டுப் போயிருவோம். இன்னிக்கு நேரமே சரியில்ல."

செம்பனைக்கு நடுவே ஒரு மேடு. தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே முறுக்கு மீசையும் அரிவாளுமாக முனியாண்டி. காலடியில் வாய் பிளந்த சிமெண்டு நாய். குணா மச்சான் வழக்கம்போல நிழலில் காரை நிறுத்தினார். இறங்கிய அன்னா குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தார்.

"இது என்ன விதை? எவ்வளவு அழகு!"

பழுப்புப் புள்ளி போட்ட வழவழப்பான கொட்டை. சின்ன வயதில் அதைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து அடுத்தவர் தொடையில் வைத்து அலற விடுவோம். நான் அண்ணாந்து பார்த்தேன். ஆறேழு பெரிய மரங்கள், தண்டு முழுக்கப் பழைய வெட்டுத் தழும்புகள்.

"மச்சான்! இது பால்மரம்!"

"எது?"

"நீங்க காரை நிறுத்தியிருக்கீங்களே, இதுதான்!"

அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது முனியாண்டி மரம் லா," என்றார். சொல்லி முடித்ததும்தான் அவருக்கே உறைத்தது.

எனக்கு வந்த சிரிப்பில் காரைப் பிடித்துக்கொண்டேன். நடந்தது இதுதான். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது கோயிலைச் சுற்றி நின்ற மரங்களில் கை வைக்க ஒருவரும் துணியவில்லை. முனியாண்டியின் மரத்தை வெட்டிவிட்டு யார் வீட்டில் தூங்குவது? அதனால் அவை தப்பித்தன. அன்றிலிருந்து அவை சாமி மரங்கள். மஞ்சள் துணி கட்டுவார்கள், அடியில் பொங்கல் வைப்பார்கள், கார் நிறுத்துவார்கள். அவை ரப்பர் மரங்கள் என்பதையே எல்லாரும் மறந்துபோனார்கள், ரப்பர் விற்றுப் பிழைக்கிறவர் உட்பட.

அன்னா மஞ்சள் துணி கட்டிய மரத்தை, தழும்பை, விதையை எல்லாம் ஆசை தீரப் படம் எடுத்தார். பிறகு கோயிலுக்கு நேரெதிரே நின்று, நாங்கள் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"அப்படியானால் உங்கள் எலும்பு இந்த மண்ணின் ரப்பரில் செய்ததா?"

குணா மச்சான் வாயைத் திறந்தார். கண் முனியாண்டியின் பக்கம் போனது. பெரிய விழிகள், ஓங்கிய அரிவாள். முனியாண்டி முன்னால் பொய் சொல்லக் கூடாது. தோட்டத்தில் திருட்டு வழக்கென்றால், அந்தக் காலத்தில் போலீஸிடம் போகமாட்டார்கள், இங்கே கொண்டுவந்து கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அந்தப் பயத்தோடு வளர்ந்த ஆள் அவர்.

"இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "இந்த மரத்தில் யாரும் பால் எடுப்பதில்லை. எங்கள் ரப்பர் தாய்லாந்திலிருந்து லாரியில் வருகிறது. வரிச் சலுகையும் எங்களுக்குக் கிடையாது. நன்றாகச் செய்வோம், சொன்ன தேதியில் அனுப்புவோம். எங்களிடம் இருப்பது அவ்வளவுதான்."

ஒன்பது பேர் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் மச்சானைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்னா மரத்தடி மேடையில் உட்கார்ந்தார். பையிலிருந்த அந்த இன்னொரு எலும்பை எடுத்துக் கையில் உருட்டினார்.

"இது வரி இல்லாமல் வரும். விலை குறைவு. ஆனால் முன்பு ஒரு நாட்டில் பாய் வாங்கினேன். சரக்கு கடலில் இருக்கும்போது அந்த நாட்டுக்குச் சலுகை போய்விட்டது. முழு வரியும் என் தலையில். கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதுதான் சலுகை." குணா மச்சானை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உங்களிடமிருந்து எடுக்க இனி எதுவும் இல்லை. பாதி ஆர்டர் உங்களுக்கு. பாதி அவர்களுக்கு, அங்கேயும் வேலை வேண்டுமே."

அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அந்தச் சலுகையை ஒரு காலத்தில் அனுபவித்தவர்கள்தானே நாமும். ஜெலாப்பாங்கில் முதல் இயந்திரத்தை வாங்கியது போல, இப்போது அங்கே யாரோ ஒருவர் முதல் இயந்திரத்தை வாங்கியிருப்பார். பரமேஸ் அக்காவைப் போல ஒருவர் அதன் முன்னால் நிற்பார்.

குணா மச்சான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பரமேஸ் அக்காவுக்குப் போன் செய்தார். பாதி ஆர்டரிலும் இரண்டாவது ஷிப்ட் ஓடும், ஓவர்டைம் மட்டும் இருக்காது. "ஓவர்டைம் கிடக்குது போஸ், மொதல்ல சேவல வாங்குங்க!" என்று அக்கா கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடுமுறை வாரமென்றால் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஈப்போவுக்குள் சுற்ற கிராப் போதும், தோட்டப் பக்கம் போக வாடகைக் கார் எடுங்கள், அங்கே திரும்பி வர வண்டி கிடைக்காது. பால்மரத்தில் விதை உதிர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர். கொசு மருந்து மறக்காதீர்கள். வழி கேட்கத் தயங்காதீர்கள், குணா மச்சானைப் போல அலையாதீர்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு நடுவே மஞ்சள் துணி கட்டிய மரங்களைக் கண்டால் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். செருப்பைக் கழற்றுங்கள். சிமெண்டு நாயின் வாயில் ஒரு சிவப்பு ரப்பர் எலும்பு இருக்கும். பிள்ளைகள் கேட்டாலும் எடுக்க விடாதீர்கள். அது ஒன்பது பேருடைய வேண்டுதல்.