நிலா எண்ணுகிறவர்

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது அவள் மேஜையில்தான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் மூன்றாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மட்டுமே தெரிகிற ஓர் அறை. "பயப்படாதீங்க. காத்து வரும். மெக்கானிக் கிளம்பிட்டார். கட் பண்ணிடாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்." மெக்கானிக் போய்ச் சேரும்வரை எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அழுகிறவர்கள் உண்டு. வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்று குதிக்கிறவர்களும் உண்டு. கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி. ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ.

மெக்கானிக்குகள் அவளை ராக்கெட் அக்கா என்பார்கள். சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்து விண்வெளிக் கதை எழுதிவந்தாள், அதுதான் காரணம். எந்தப் பதிப்பாளரும் சீண்டாத கதை. ஒரு பழைய சரக்குக் கப்பல் உப்பு ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகிறது. அதில் ஏழெட்டுப் பேர், அவர்களுக்குள் ஓயாத சண்டை. ஞாயிறு காலை துணியை ஊறப்போட்டுவிட்டு எழுத உட்காருவாள். அத்தியாயம் முடிகிறபோது துணி நாற ஆரம்பித்திருக்கும்.

உறவென்று இருந்தது அண்ணன் குடும்பம் ஒன்றுதான். எழுதியதையெல்லாம் அண்ணிக்கு அனுப்புவாள். அனுப்பிய நிமிடமே பதில் வரும்: "நல்லா இருக்கு." அத்தனை பக்கத்தை ஒரு நிமிடத்தில் படிக்க அண்ணி என்ன இயந்திரமா? ஒருமுறை கதையை இணைக்க மறந்து வெறும் செய்தியை அனுப்பிவிட்டாள். அதுவும் நல்லா இருந்ததாம்.

நிஜமாகவே படித்தவர் ஒருவர்தான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. 'ஓரத்து நாற்காலி' என்ற பெயரில் பின்னூட்டம் போடுவார். பாராட்டே கிடையாது. "சமையல்காரருக்கு இடது கை இல்லைன்னு முதல் பாகத்துல சொன்னீங்க. இப்ப ரெண்டு கையாலயும் மாவு பிசையறார்." "அந்தக் கிரகத்துக்கு மூணு நிலா. ரெண்டைத்தான் உதிக்க விட்டிருக்கீங்க." அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவாள். திருத்தியபின் "இப்ப சரி" என்று இரண்டு சொல் வரும். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அது போதும்.

நுணலும் தன் வாயால் கெடும். அதே தளத்தில் ரசிகர் உலகத்தைப் பற்றியும் அவள் எழுதுவாள். விண்வெளிப் படம் வந்தால் வேஷம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள், எந்தக் கப்பல் வேகமானது என்று வாதாடி நட்பையே முறித்துக்கொள்பவர்கள். ஒரு நாள், மேலாளரிடம் திட்டு வாங்கிய எரிச்சலில், 'நிலா எண்ணுகிறவர்கள்' என்று ஒரு கட்டுரை எழுதினாள். கதையில் குற்றம் பொறுக்குகிறவர்களைப் பற்றி. இவர்களுக்கு வானத்தையே கொடுத்தாலும் அதில் ஒட்டடைதான் தெரியும் என்று கிண்டல். உதாரணத்துக்குச் சமையல்காரர் கையையே வைத்தாள்.

கட்டுரை காட்டுத்தீயாய்ப் பரவியது. கதைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை. அடுத்த அத்தியாயத்துக்கு ஓரத்து நாற்காலி வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மன்னிப்புக் கேட்கலாம். எந்த முகவரிக்கு? ஊரறியக் கேட்கவோ கௌரவம் விடவில்லை. அதனால் தூண்டில் போட்டாள். மூன்று நிலாவில் ஒன்றை வேண்டுமென்றே விழுங்கினாள். பதில் இல்லை. சமையல்காரருக்கு இடது கையை முளைக்க வைத்தாள். கிணற்றில் போட்ட கல். இருந்ததே ஒருவர், அவரையும் விரட்டியாயிற்று என்ற நினைப்பு துணி துவைக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் கூடவே வந்தது. சோறு இறங்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, போன பாகத்தில் செத்து அடக்கமும் ஆகிவிட்ட பைலட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். பைலட் டீ கேட்டான். யாரும் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஆபீஸில் இருக்கும்போது பின்னூட்டம் வந்தது. ஓரத்து நாற்காலிதான்.

"நல்லா இருக்கு."

அண்ணி சொன்னால் சிரித்துவிடலாம். இவர் சொன்னால் எப்படிச் சிரிப்பது? குற்றம் பார்த்தால் சுற்றம் இல்லை என்பார்கள். அவளுக்கு இருந்த ஒரே சுற்றம், குற்றம் பார்த்த இவர்தான். உடனே தட்டினாள்: "செத்துப்போன பைலட் டீ கேக்கறான். நீங்க பாக்கலையா?"

பதில் வந்தது. "பார்த்தேன். நிலாவையும் பார்த்தேன், கையையும் பார்த்தேன். சொன்னா எல்லாரும் சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன்."

மணி அடித்தது. எங்கோ ஒரு லிஃப்ட்டில் ஒரு பெரியவர். "யாராவது இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன், ஐயா."

அவர் தன் மூட்டுவலியில் தொடங்கி மருமகன் வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் அவரும் வைத்துவிட்டார்.

அவள் கட்டுரையை அழித்தாள். அவள் எழுதியதில் ஊர் படித்தது அது ஒன்றுதான். பிறகு ஓரத்து நாற்காலிக்கு எழுதினாள்: "அதை எடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான். இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க, சொல்லுங்க." எழுதியது போதாது என்று பட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், வேலையில் சொல்வதையே சேர்த்தாள். "கட் பண்ணிடாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அனுப்பிவிட்டு, ஷிஃப்ட் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.